இடது கைக்கு ஒரு துப்பாக்கி

1

தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் சந்திரன் சமையலறை வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை. மிக்சியை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டேன்.

“ஒரு ரைபிள் வாங்கலாம்னு இருக்கேன் விஜி.”

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கைவேலைதான் வேகமாகும். மறுபடியும் மிக்சியைப் போட்டேன். அன்றைக்குச் சட்னி தண்ணீராகப் போய்விட்டது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் ரவுடிக் குடும்பம் இல்லை. கிளாங்கில் குடியிருக்கிறோம். பக்கத்து மேருவில் சில லோரிகளை வைத்துக்கொண்டு, அங்கிருக்கும் கையுறைத் தொழிற்சாலைகளுக்குப் பெட்டி ஏற்றி இறக்கிப் பிழைக்கிறோம். நம் ஊர் லாரி இங்கே லோரி, பேச்சுக்குப் பேச்சு கடைசியில் ஒரு ‘லா’ வேறு. கல்யாணமாகி வந்த புதிதில் நான் லாரி என்று சொன்னால் டிரைவர்கள் சிரிப்பார்கள். இப்போது சிவகாசிக்குப் போய் லோரி என்று சொன்னால் என் தம்பி பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சம்பள நாளில், பாராங் கத்தியோடு ஆபீசுக்குள் புகுந்து, இருந்ததை எல்லாம் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் இவர் முறைப்படி விண்ணப்பித்து, அலையாய் அலைந்து, ஒரு ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கினார். இந்த நாட்டில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா பையில் கிடந்தாலே கம்பி எண்ண வேண்டியதுதான். அந்தக் கண்டிப்புக்காகவே எனக்கு இந்த நாட்டின்மேல் மரியாதை உண்டு.

வாங்கியதைச் சுடத் தெரிய வேண்டாமா என்று ஒரு கிளப்பில் சேர்ந்தார். திருடனுக்காக வாங்கியது, கடைசியில் சனிக்கிழமைதோறும் அட்டையைச் சுடத்தான் ஆயிற்று. அங்கேதான் ரசாக் அண்ணனும் மிஸ்டர் லிம்மும் கிடைத்தார்கள். ரசாக் அண்ணன் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், இவருக்கு அவர் ‘ரசாக் பாங்’, பாங் என்றால் மலாயில் அண்ணன். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் தாராளமாக வரும். மிஸ்டர் லிம்முக்கு ஷா ஆலமில் ஏர்கண்டிஷன் வியாபாரம். மூவரும் சுட்டுமுடித்து, கேன்டீனில் தே தாரேக் என்கிற டீயைக் குடித்து, ஊர் உலகத்தை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வர மத்தியானம் ஆகும். சுடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் வீட்டுக்குள் வரும் முகத்தை எனக்கு மிகவும் பிடிக்கும்.

2

போன வருடம் வைகாசியில் லோரிக்குப் பக்கத்தில் நின்றபடியே இவர் சாய்ந்தார். பக்கவாதம்.

அரசாங்க மருத்துவமனையில் கவுண்டரில் இருந்த மலாய்த் தாதி, எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது என்று கேட்டாள். நான் ‘கீரி’ என்றேன். கீரி என்றால் இடது. இழுத்துக்கொண்டதோ வலது, அதற்கு ‘கானான்’ என்று சொல்லவேண்டும். பாசாரில் மீனுக்கு வாதாடுகிற மலாய் எனக்கு உண்டு, ஆனால் பதறிப்போனால் கீரியும் கானானும் இன்றும் இடம் மாறிவிடும். அந்தப் பெண் இவரைப் பார்த்துவிட்டுத் தானே திருத்தி எழுதிக்கொண்டாள். என் தோளைத் தடவி, “சாபார், காக்,” என்றாள். பொறுமையாக இருங்கள் அக்கா என்று அர்த்தம். அவளை நான் மறக்க மாட்டேன். உயிர் திரும்பியது, பேச்சு திரும்பியது, கைத்தடியோடு நடையும் திரும்பியது. அந்த மருத்துவமனையில் பணிசெய்கிற ஒவ்வொருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

வலது கை மட்டும் திரும்பவில்லை. மடியில் கிடந்தது.

வெள்ளைக்காரர்களுக்கு இது பாதிக் கஷ்டம். நமக்கு முழுக் கஷ்டம். சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது, திருநீறு பூசுவது எல்லாமே வலது கையால்தான். மலாய்க்காரர்களிடமும் அதே வழக்கம். இடது கையால் ஒரு பொருளை நீட்டினால் இந்த நாட்டில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும். இவர் என் முன்னால் மட்டும் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிடுவார். வேறு யாராவது வந்துவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டுப் பசிக்கவில்லை என்பார். கல்யாணங்களுக்கு என்னைத் தனியாக அனுப்பினார். கோயிலில் பிரசாதத்தை எந்தக் கையில் வாங்குவது என்று கோயிலையே விட்டார். ரசாக் அண்ணன் போன் செய்தாலும் வாசலுக்கே வந்தாலும், தூங்குவதாகச் சொல்லச் சொல்வார்.

ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, “இப்படி இருக்கிறதுக்கு அன்னைக்கே போயிருக்கலாம் லா,” என்றார்.

நான் எழுந்தேன். நேராகப் படுக்கையறைக்குப் போனேன். ரிவால்வர் வைக்கும் இரும்புப் பெட்டி அங்கே சுவரோடு முடுக்கியிருக்கிறது. அதன் சாவியை மேசை டிராயரிலிருந்து எடுத்து, இட்லி அரிசி டின்னுக்குள் அடியில் புதைத்தேன். பெட்டியைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அந்தச் சாமானை நான் தொட்டதே கிடையாது. அவர் சாவியைத் தேடவே இல்லை. தேடவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது, எப்போது தேடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அரிசி அளக்கும்போதெல்லாம் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஆகவே, ரைபிள் என்று அவர் சொன்னபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. என் கணவர் தன்னையே ஏதாவது செய்துகொள்வாரோ என்பது மட்டும்தான் தோன்றியது.

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரசாக் அண்ணனும் மிஸ்டர் லிம்மும் வீட்டுக்கு வந்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு இவர் தூங்கப் போகவில்லை. நான் பிசாங் கோரேங் பொரித்து, அதாவது நம் வாழைப்பழ பஜ்ஜி, நடுவில் தட்டை வைத்தேன். அவர்களைத் திட்டித் தீர்க்கும் முடிவோடுதான் பொரித்தேன்.

“அண்ணே, இவருக்கு இந்த யோசனையக் குடுத்தது நீங்கதானா?”

“நான் இல்ல தங்கச்சி. அவருதான் எனக்கு போன் அடிச்சாரு. நீங்க கொஞ்சம் கேளுங்க, பிறகு ஏசுங்க.” மூலையில் கிடந்த குடையை எடுத்து இடது தோளில் பொருத்திக்கொண்டார். “மத்த ரைபிள்ல தோட்டா மாத்துற கைப்பிடி வலது பக்கம் இருக்கும். இதுல கீழ, சரியா நடுவுல, வளையம் மாதிரி இருக்கும். விரலை உள்ள விட்டு முன்னால தள்ளி இழுத்தா சுட்டது வெளிய விழும், புதுசு உள்ள போகும். வலது கைக்காரன் இடது கைக்காரன் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்.”

“பழைய குதிரைக்காரன் படத்துல வருமே, அது,” என்றார் இவர்.

ரிவால்வரை இனி இவரால் பிடிக்க முடியாது. ஒரே கையில், அதுவும் இடது கையில், நீட்டிப் பிடித்துக் குறிபார்ப்பது முடியாத காரியம். இந்த ரைபிள் என்றால் முன்பக்கம் மேசைமேல் மணல் மூட்டையில் படுத்திருக்கும், பின்பக்கம் இடது தோளில். வலது கையைச் சும்மா மேலே வைத்தால் போதும். போடுவதும் ரிவால்வர் தோட்டாதான் என்பதால் தோளில் பெரிய உதை இருக்காது. ரசாக் அண்ணன் வகுப்பெடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

மிஸ்டர் லிம்முக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: பேசாமல் ‘டூ டூ’ என்கிற சின்ன ரைபிளை வாங்கு. எடை குறைவு, சத்தம் குறைவு, தோட்டாவும் மலிவு. உடம்பு சரியில்லாதவனுக்கு அது போதாதா?

“டூ டூவா? அது ஸ்கூல் பிள்ளைங்க சுடுறது லா!” என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்கிட்ட இருக்கிற த்ரீ எய்ட் தோட்டாவே இதுக்கும் போகும். ரெண்டுக்கும் ஒரே சாமான். எதுக்கு இன்னொரு வகை?”

“எல்லாத்துலயும் போகாது,” என்றார் மிஸ்டர் லிம். ரைபிள் செய்யப்பட்டது நீளத் தோட்டாவுக்கு, அதில் குட்டைத் தோட்டாவைப் போட்டால் சில ரைபிள்கள் ஏற்றுக்கொள்ளும், சில நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும் என்றார். சுட்டுப் பார்க்காமல் வாங்கினால் தலைவலி.

“அப்போ சுட்டுப் பார்த்து வாங்குவோம்!”

செகண்ட் ஹேண்ட் லோரி வாங்குகிற மாதிரி மூவரும் மல்லுக்கு நின்றார்கள். நான் திட்டுவதற்குச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். இவர் குரல் தெருவுக்குக் கேட்கிறது. இவ்வளவு சத்தமாக இவர் பேசி ஒரு வருடம் ஆகிறது. பேசிக்கொண்டே இடது கையைத் தட்டில் விட்டு ஒரு பிசாங் கோரேங்கை எடுத்துக் கடித்தார். இரண்டு பேருக்கு முன்னால், இடது கையால். அவருக்கே அது தெரியவில்லை. ரசாக் அண்ணன் பார்த்தார், மிஸ்டர் லிம் பார்த்தார், நான் பார்த்தேன். மிஸ்டர் லிம் தட்டை மெதுவாக அவர் பக்கம் நகர்த்திவிட்டு, டூ டூதான் நல்லது என்று மறுபடியும் ஆரம்பித்தார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் போனதும் இவர் என்னிடம், “லைசென்ஸுக்கு போலீஸ்ல உன்கிட்டயும் விசாரிப்பாங்க விஜி. நீ வேணாம்னா வேணாம்,” என்றார். பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

4

எங்கள் மகள் ஷர்மிளாவுக்கு பெட்டாலிங் ஜெயாவில் வீடு, தலைநகர் கேஎல்லில் வேலை. எங்களைப் பார்க்க நேரம் கிடைத்தால் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரச் சொல்வாள். அவளுக்கு ஆபீசிலிருந்து நடக்கும் தூரம், எங்களுக்கு கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஒரே நேர் வழி. தீபாவளிக் கடைகள் போட ஆரம்பித்திருந்தார்கள். கோலமாவு, முறுக்கு, சரிகைத் தோரணம், காதைப் பிளக்கும் பாட்டு. பூக்கட்டும் அக்காவிடம் மல்லிகை கேட்டேன். எந்த ஊர் என்று கேட்டாள். கிளாங் என்றேன். “பேச்சு கிளாங் மாதிரி இல்லையே லா,” என்று சிரித்தாள். இத்தனை வருடம் ஆகியும் என் வாய் சிவகாசியைவிட்டுப் புறப்படவில்லை.

வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இவர் தனக்கு இலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோர் மட்டும் வாங்கிக்கொண்டார். ஷர்மிளா இலையிலேயே முள்கரண்டியால் சாப்பிடுகிறவள். சின்ன வயதில் இதற்காக அவளை எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியால் சாப்பிடுகிறவளுக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன? அப்பா இடது கைக்கு ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார் என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அந்த விளங்காமை எனக்கு அன்று பிடித்திருந்தது.

ரைபிள் விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“டாடி, ஆர் யூ சீரியஸ்? ஸ்ட்ரோக் வந்த ஆளுக்கு கன் எதுக்கு? சிலாங்கூர்ல வேற ஹாபியே இல்லையா? பேட்மின்டன் பாருங்க, மீன் வளருங்க.”

“மீன் வளர்த்தா மீனோடதான் பேசணும்,” என்றார் இவர்.

அவள் சிரிக்கவில்லை. கை கழுவப் போகிற சாக்கில் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் கேட்டாள்.

“அம்மா, அப்பா எடுத்து ஏதாவது செஞ்சுக்கிட்டா?”

என்னோடு எப்போதும் முக்கால்வாசி ஆங்கிலத்தில் பேசுகிறவள் இதை மட்டும் முழுத் தமிழில் கேட்டாள். எங்கள் கையைவிட்டுப் போய்விட்டாள் என்று நான் எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறேன். அவளும் இதே பயத்தை இத்தனை நாளாக ஒரு மூலையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

5

நான் வெடிமருந்தோடு வளர்ந்தவள். என் அம்மா சிவகாசியில் பட்டாசு ஆலைக்குப் போனாள். நான் பத்தாவது முடித்து, காலண்டர் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தப் போனேன். கிளாங்கில் மளிகைக்கடை வைத்திருந்த தன் சித்தப்பாவோடு காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்தவர்தான் சந்திரன். அதிலிருந்துதான் இந்தக் கதை எல்லாம்.

ஆலைக்குப் போகிற எங்கள் தெருப் பெண்களுக்குப் பயம் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பயம் நிறையவே உண்டு. பயத்தைக் கையாளத் தெரியும், அவ்வளவுதான். அம்மா வேலை பார்த்த இடத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். “வீட்ல சண்டையா? மனசு சரியில்லையா?” என்று நேராகக் கேட்பார். ஆமாம் என்றால், மருந்தைத் தொடவிடாமல் அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார். சுற்றி வளைத்துக் கேட்க மாட்டார், கேட்கக் கூச்சப்படவும் மாட்டார். அம்மா அவரைப் பற்றி மரியாதையாகப் பேசுவாள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து திரும்பும் ரயிலில் அந்த மேஸ்திரி நினைவுதான் வந்தது. ஒரு வருடமாக நான் இவரிடம் மாத்திரை போட்டாயிற்றா, பிரஷர் எவ்வளவு, கை வலிக்கிறதா என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். ஆயுத பூஜை கழிந்ததும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பண்டிகையைக் கெடுப்பானேன்!

6

எங்கள் வீட்டு ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோரிச் சாவிகள், ஸ்பேனர்கள், அரிவாள்மணை, என் கத்தரிக்கோல், ஷர்மிளாவின் பழைய லேப்டாப் எல்லாம் சாமி முன் வரிசையாக இருக்கும். நடுவில் ஒரு தட்டில் சிவப்புத் துணி விரித்து ரிவால்வர். தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, இவரே துடைத்து வைப்பார். ஒரு வருடம் பக்தி மிகுந்து, கை நிறையச் சந்தனத்தை அள்ளிச் சுழலும் உருளையில் எல்லாம் பூசிவிட்டார். அது காய்ந்து உள்ளே இறுகிவிட்டது. சனிக்கிழமை கிளப்பில் உருளை சுற்றவில்லை. ரசாக் அண்ணன் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, “சந்திரன், இது சுட வந்துச்சா, சாமி கும்பிட வந்துச்சா?” என்று கேட்டாராம். பல் துலக்கும் பிரஷால் மூன்று பேரும் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மரக் கைப்பிடியில் மட்டும் ஒரு பொட்டு.

போன வருடப் பூஜைக்கு அந்தத் தட்டை நான் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கத்திகளுக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்துவிட்டுச் சட்டென்று கற்பூரத்தைக் காட்டினேன்.

இந்த வருடம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவர், “பெட்டியத் திற விஜி,” என்றார்.

கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டேன். பூஜை கழியட்டும் என்று நினைத்ததை எல்லாம் மறந்துவிட்டேன்.

“எதுக்கு?”

“இன்னைக்கு ஆயுத பூஜைதான? திற.”

“நீங்க உங்களையே ஏதாவது செஞ்சுக்குவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு. ஒரு வருஷமா இருக்கு. சாவிய நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். இப்பச் சொல்லுங்க, அந்த நெனப்பு உங்களுக்கு இருக்கா இல்லையா?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, “முதல்ல திற,” என்றார்.

அரிசிக்குள் துழாவிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். திறந்தேன். பெட்டிக்குள் சிவப்புத் துணி மடித்தபடி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ரிவால்வர் இல்லை, தோட்டாப் பெட்டி இல்லை. லைசென்ஸ் துப்பாக்கி காணாமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்த நான் துணியை எடுத்து உதறிப் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே வேறு எங்காவது எடுத்து வைத்திருக்கிறாரா என்கிற நினைப்பு போலீஸ் பயத்தைவிட மோசமாக இருந்தது.

“காணோங்க!” என்று அவரிடம் ஓடிவந்தேன்.

“பயப்படாத லா. கிளப்புல இருக்கு. ஆயுத ரூம்ல, பூட்டி, எழுதிக் குடுத்துட்டு வந்தது. ரசாக் பாங்தான் எல்லாம் முறைப்படி செஞ்சாரு.”

“எப்போ?”

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல. நீ கோயிலுக்குப் போயிருந்த.” தடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். “அந்த நெனப்பு வந்துச்சு விஜி. ஒரு நாள் மத்தியானம். என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல. உடனே ரசாக் பாங்குக்கு போன் அடிச்சேன். ‘எதுவும் கேக்காத, வந்து என்னையும் அதையும் கூட்டிட்டுப் போ’ன்னேன். அவர் ஒண்ணும் கேக்கல. சட்டையக்கூட மாத்தாம, சாரோங் கைலியோட வந்துட்டாரு.”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இட்லி அரிசிக்குள் நான் கையை விட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது ஒரு காலிப் பெட்டியின் சாவியை. நான் ஒளித்து வைப்பதற்கு முன்பே இவர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். ரசாக் அண்ணன் இத்தனை மாதம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, இவர் தூங்குகிறார் என்று நான் சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல் திரும்பிப் போயிருக்கிறார்.

“நான் சாவிய ஒளிச்சது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அரிசி டின்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

அவர் சிரித்தார். “நீ காவல் காக்கிறது எனக்கு நல்லா இருந்துச்சு லா.”

அழுதேன். அவரும் அழுதார். இடது கையால் என் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு நான் மறுபடியும் கேட்டேன். இப்போது அந்த நினைப்பு இருக்கிறதா?

“வரும், போகும். முன்ன மாதிரி வந்து உக்காந்துக்கிறது இல்ல. வந்தா உன்கிட்ட சொல்றேன்.”

“டாக்டர்கிட்டயும் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“ரைபிள் வாங்கினாலும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

“கிளப்புலயே இருக்கட்டும். எனக்குத் தேவை அங்கதான்.”

அந்தத் தட்டில் சிவப்புத் துணியை மட்டும் விரித்து வைத்தோம். ஷர்மிளாவுக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, எந்த ரைபிள் என்று படம் அனுப்பச் சொன்னாள்.

7

மருத்துவமனை டாக்டரிடம் இருவருமாகப் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். ரைபிள் லைசென்ஸுக்கு டாக்டர் கடிதம் வேண்டும் என்றதற்கு, சில மாதம் பார்த்துத்தான் சொல்ல முடியும், இல்லை என்றும் சொல்லலாம் என்றார். அது நியாயம்தான் என்று இவரே சொன்னார். இதற்கிடையில் ரசாக் அண்ணன் சனிக்கிழமை காலையில் வந்து காரை நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறார். இவர் இப்போதைக்குச் சுடுவதில்லை, கேன்டீனில் உட்கார்ந்து மிஸ்டர் லிம்மோடு டூ டூ சண்டை போட்டுவிட்டு வருகிறார். வரும்போது சட்டையில் தே தாரேக் கறை இருக்கும். இடது கைக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம், விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று விசாரிக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். கவுண்டர் என்றாலே எனக்கு ஆகாது. இந்த நாட்டில் தங்கும் உரிமைக்கான சிவப்பு அடையாள அட்டைக்கு நான் உட்கார்ந்த பெஞ்சுகளில் என் இளமையே தேய்ந்துபோனது. தலையில் துடோங் கட்டிய ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி விளக்கினாள். டாக்டர் கடிதம் வர வேண்டும், இங்கே விசாரிக்க வேண்டும், அப்புறம் மேலே போக வேண்டும். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கிடைத்தாலும் அடுத்த வருடம் ஆகிவிடலாம், அதற்கும் மேலேயும் ஆகலாம். “லாம்பாட் சிக்கிட், அங்கிள்,” என்றாள். கொஞ்சம் தாமதமாகும் என்பதை மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

இவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“தாக் ஆப்பா,” என்றார். “சாயா துங்கு.”

பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.

அடுத்த வருடத்துக்கும் அதற்கு மேலேயும் காத்திருப்பதாக என் கணவர் ஒரு போலீஸ் பெண்ணிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த மலாயில் எல்லாம் திரும்பத் திரும்ப நன்றி சொன்னேன். ஒன்றுமே கொடுக்காதவளுக்கு எதற்கு இத்தனை நன்றி என்று அவள் திருதிருவென்று விழித்தாள்.